ஏப்பம் அளக்க வந்த பெண்

நவம்பர் 10, திங்கள்

கால்நடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். பெயர் இசக்கியம்மாள், ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. புண்ணாக்கு வாங்க வந்தவள் இல்லை. எங்கள் ஊர் மாடுகளின் ஏப்பத்தை அளக்க வேண்டுமாம்.

"ஏப்பமுங்களா?" என்றேன்.

"ஆமா அண்ணாச்சி. மாடு அசை போடும்போது மீத்தேன்னு ஒரு வாயு வெளிய வருது. மேல போயி வெயிலைப் பிடிச்சு வைக்கதுல அது கரியமில வாயுவை விட மோசம். தீனியில ஒரு பொடியைக் கலந்தா அது குறையுதான்னு பாக்கணும்."

எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர். நான் தீவனக்கடை நாச்சிமுத்து. திருத்தவில்லை. வந்தவர் எப்படிக் கூப்பிட்டால் என்ன, வந்தால் சரி.

வானம் சூடாவதைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. போன சித்திரையில் சீமை மாடுகள் நாக்கைத் தொங்கப் போட்டு நின்றதும், பால் இறங்கியதும், பால் இறங்கியதால் என் மூட்டைகள் தேங்கியதும் தெரியும். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கப் போனேன். அப்போது அவள் இன்னொன்று சொன்னாள்.

"மாடு திங்குற தீனியோட சத்துல பத்துல ஒரு பங்கு வரைக்கும் இந்த ஏப்பத்துலயே போயிருது, அண்ணாச்சி."

உட்கார்ந்துவிட்டேன். பத்து மூட்டை ஏற்றினால் ஒரு மூட்டை வழியில் காற்றாகப் போய்விடும் என்று லாரிக்காரன் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். இத்தனை வருஷமாக இந்த ஊர் மாடுகள் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கின்றன, என் கண் முன்னால்.

பொடியில் புளியங்கொட்டைத் தோலும் வேறு சில இலைகளும் என்றாள். தைமாசம் தாண்டும் வரை ஆராய்ச்சி நடக்கும். பொடி கலந்த தீவனம் என் கடை வழியாகப் போகும். ஊரைச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு.

நவம்பர் 13, வியாழன்

காலையில் பால் சொசைட்டி வாசலில், பால் ஊற்ற வந்தவர்கள் எல்லோரும் இருக்கும்போது பேச்சை எடுத்தேன். இசக்கி தன் கருவியைக் காட்டினாள். டார்ச் லைட் மாதிரி இருக்கிறது. மாட்டின் மூக்குக்கு நேரே சிறிது தள்ளி நின்று நீட்டினால் மூச்சில் எவ்வளவு வாயு என்று எண் ஓடுகிறது.

கிட்டுசாமிக்கு வாய் சும்மா இருக்காது. ஊரிலேயே அதிகப் பால் ஊற்றுகிறவன், என்னை மாப்ள என்று கூப்பிடுகிற முறை.

"ஏனுங் அம்மிணி, மாட்டுக்குக் காச்சல் பாக்கறீங்களா?"

"ஏப்பம் அளக்கேன் அண்ணாச்சி."

"அப்பிடீன்னா எம்பட மாமனாரையும் ஒருக்கா அளந்து பாத்துருங். கறிச்சோறு தின்னுபோட்டு ஒரு ஏப்பம் உட்டாருன்னா ஊரே சூடாகும்."

சிரிப்பு அடங்க நேரமானது. இசக்கியும் சிரித்தாள். சிரித்ததால் பிழைத்தாள், முறைத்திருந்தால் ஒருவரும் சேர்ந்திருக்க மாட்டார்கள்.

பாவாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. புருஷன் இல்லை, ஒரே மாடு, அந்தப் பாலில்தான் வீடு நடக்கிறது. "என்ற மாட்டுக்கு ஒண்ணும் ஆகாதில்லீங்ணா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். இசக்கியைப் பார்த்து இல்லை.

"ஆச்சுன்னா எங்கிட்ட வா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராகப் பெயர் கொடுத்தார்கள்.

நவம்பர் 20, வியாழன்

மூட்டைகள் வந்து இறங்கின. பாதிக்கு நீலச் சீட்டு, பாதிக்குச் சிவப்புச் சீட்டு. ஒரு நிறத்தில் பொடி இருக்கிறது. இன்னொன்றில் அதற்குப் பதில் வெறும் தவிடுதான், அதே நிறத்துக்கு அரைத்தது. எதில் எது என்று கோயமுத்தூரில் இருக்கும் பெரிய டாக்டருக்கு மட்டும்தான் தெரியும்.

"ஏன் அம்மிணி, நான் இறக்கற சரக்குல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியக் கூடாதா?"

"எனக்கே தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சிட்டா, என் கண்ணு அது ஆசைப்பட்டதைத்தான் பாக்கும்."

இது எனக்குப் புரிந்தது. சந்தையில் ஒரு மாட்டை வாங்குவதென்று மனசு முடிவு செய்துவிட்டால் அதன் சுழி கண்ணில் படாது.

ஒரு கட்டுப்பாடும் சொன்னாள். ஆராய்ச்சி முடியும் வரை சேர்ந்த மாடுகளுக்கு மூட்டைத் தீவனமும் சோளத் தட்டும்தான். அடுப்படியிலிருந்து எதுவும் போகக் கூடாது. சோறு, வடிகஞ்சி, பழத்தோல், எதுவும். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 4, வியாழன்

மழை. தவிடு நனைந்தது. வேறொன்றுமில்லை.

டிசம்பர் 15, திங்கள்

பாவாத்தாள் தீவனம் எடுக்க வந்தாள். மாடு நன்றாக இருக்கிறது, அவள்தான் இளைத்திருக்கிறாள்.

"வடிகஞ்சிய வாசல்ல ஊத்தறப்ப அது என்னயே பாக்குதுங்ணா. பெத்த புள்ளைக்குப் பத்தியம் போட்டாப்பல இருக்குது. டாக்டரம்மா கிட்டச் சொல்லி ஒரு வாய்க் கஞ்சியாச்சும்..."

"அதெல்லாம் ஆகாது. இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று அனுப்பிவிட்டேன்.

இசக்கி வீடு வீடாகப் போய் மாட்டின் முன்னால் நிற்கிறாள். அசை போடும் வரை காத்திருக்கிறாள். மாடு அவள் வந்த நேரம் பார்த்து அசையை நிறுத்திவிடுகிறதாம். மதியம் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்பதைப் பார்த்ததாக என் மனைவி வசந்தாமணி சொன்னாள். அதனால் வீட்டிலிருந்து சோறு கொடுத்தோம். பெரிய விஷயமில்லை, நான் எப்படியும் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது.

டிசம்பர் 16, செவ்வாய்

இசக்கி வந்து என் மனைவியிடம், "அக்கா, நீங்க குடுத்து விட்ட சோறு நல்லா இருந்துச்சு, ரொட்டி திங்குதேன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறாள். வசந்தாமணி, நானுங்களா பாத்தன் என்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெண்களுக்கு எல்லாவற்றையும் கிளற வேண்டும். தேங்காய்ப் புண்ணாக்கு விலை ஏறுகிறது.

ஜனவரி 16, வெள்ளி. பட்டிப்பொங்கல்

கடை விடுமுறை. பட்டியில் சாணியால் சின்னத் தெப்பக்குளம் கட்டி, தண்ணீர் விட்டு, பூப்போட்டு, கன்றை அதை மிதித்துத் தாண்ட வைப்பதைப் பார்க்க இசக்கி வந்தாள். அவர்கள் பக்கம் இது இல்லையாம். எல்லோரும் "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று கத்தியபோது அவளும் கத்தினாள்.

பிறகு தனியாக வந்து, "ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கைப்பிடிப் பொங்கல்தான்னு சொல்லியிருக்கேன். கேப்பாங்களா அண்ணாச்சி?" என்றாள்.

"ஒரு நாளைக்கு என்னாயிரப் போகுதுங், உடுங்க" என்றேன்.

வழக்கம்போல வாடிக்கைக்காரர் வீடுகளிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பொங்கல் வந்தது. தீவனக்கடைக்காரனுக்கு இந்த ஒரு நாள் மரியாதை. அடுப்படி முழுக்கத் தூக்குப்போசி. நானும் வசந்தாமணியும் எவ்வளவுதான் சாப்பிட முடியும்? எனக்குப் பொருள் வீணானால் பிடிக்காது. வீணாகவில்லை.

ஜனவரி 17, சனி

மாட்டாஸ்பத்திரி டாக்டர் முருகவேல் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பொடக்காளிப் பக்கமாக வந்து பொடக்காளிப் பக்கமாகவே போனார். முன்வாசலில் கோலம் போட்டிருந்தது. காபி சாப்பிட்டார். ஆப்பச்சோடா நிறைய வாங்கி வந்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

பாவாத்தாளின் மாடு சாய்ந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் திருப்பி வைத்துப் படுத்திருக்கிறது. தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கிட்டுசாமி வீட்டிலும் ஒன்று அப்படியே. தெற்கு வீதியிலும் ஒன்று என்கிறார்கள். முருகவேல் ஊசியும் பாட்டிலுமாக அலைகிறார்.

"ஆச்சுன்னா எங்கிட்ட வா" என்று சொன்னவன் எதிரில் நிற்கிறேன், பாவாத்தாளும் என்னைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரி 19, திங்கள்

கடை திறந்ததும் கிட்டுசாமி டெம்போவில் வந்து மூட்டையை வாசலில் தூக்கிப் போட்டான். பின்னாலேயே பத்துப் பேர்.

"மாப்ள, உன்ற புளியங்கொட்ட மருந்த நீயே வெச்சுக்க. எம்பட மாடு நாலு காலையும் நீட்டீட்டுக் கெடக்குது."

இசக்கி ஓடி வந்து கிட்டுசாமியின் முன்னால் நின்றாள். "அண்ணாச்சி, உங்க மாட்டுக்கு நீலச் சீட்டு. பாவாத்தாளக்கா மாட்டுக்குச் சிவப்பு. ரெண்டுல ஒண்ணு வெறும் தவிடு. பொடியால வந்திருந்தா ரெண்டும் எப்படிச் சாயும்? பொங்கல் தின்ன வேகத்துல வயித்துல புளிச்சிருக்கு. டாக்டரும் அதைத்தான் சொல்லுதாரு."

"அவுரும் கெவுருமெண்டு, நீங்களும் கெவுருமெண்டு. ரெண்டு மூட்டையிலும் அதையத்தான் போட்டிருப்பீங்க, ஆரு கண்டா? பொங்கலு எங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து போடறம். எந்த மாடு சாஞ்சுது?"

வியாழக்கிழமை காலை சொசைட்டியில் பேசி எல்லோரும் விலகிக்கொள்வதாக முடிவு. இசக்கி பெரிய டாக்டருக்குப் போன் செய்தாள். எது பொடி என்று இப்போதே வெளியிட்டால் ஆராய்ச்சி அதோடு முடிந்தது. வெளியிடாமல் ஊர் விலகினாலும் முடிந்தது. அவளுடைய மூன்று வருஷ வேலை.

அவள் அழவில்லை. என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, ஆராய்ச்சியில சேராத மாடு ஒண்ணாவது இந்தப் பொங்கலுக்குச் சாஞ்சிருக்கா? நம்ம மூட்டையை மோந்துகூடப் பாக்காத மாடு. அப்படி ஒண்ணைக் காட்டிட்டா யாரும் எதுவும் சொல்ல முடியாது. முருகவேல் சாரைக் கேட்டேன். அடுத்தவங்க வீட்டு விஷயம், சொல்ல மாட்டேன்னுட்டாரு" என்றாள்.

விசாரிக்கிறேன் என்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

நிதானமாக யோசித்துப் பார்த்தேன். ஆராய்ச்சி நின்றால் எனக்கு நஷ்டம் இல்லை. எல்லோரும் பழைய தீவனத்துக்குத் திரும்புவார்கள், அதுவும் என் கடைதான். இசக்கி வேறு ஊர் பார்ப்பாள். படித்த பெண், பிழைத்துக்கொள்வாள்.

பொங்கல்தான் காரணம் என்று நான் பேசினால் வாடிக்கைக்காரரிடம் போய் உன் மாட்டை நீதான் சாய்த்தாய் என்று சொல்வதாகும். இத்தனை வருஷத்தில் வாடிக்கைக்காரரைத் தப்பு என்று ஒரு தடவை சொன்னதில்லை. அதனால்தான் சைக்கிளில் புண்ணாக்கு விற்றவன் கடை போட்டேன்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது வசந்தாமணி வந்தாள்.

"ஏனுங்க, விசாரிச்சாச்சுங்களா?"

"எதைய?"

"சேராத மாடு எதாச்சும் சாஞ்சுதான்னு அந்தப் புள்ள கேட்டுதாமா. நம்ம பொடக்காளியில கட்டிக் கெடக்கறத விசாரிக்க எத்தன நாளாகுமுங்க?"

சரி. எழுதிவிடுகிறேன். பட்டிப்பொங்கலன்று சாயங்காலம் போசி போசியாக மீந்த பொங்கல் முழுவதையும் என் கையாலேயே செவலையின் தொட்டியில் கொட்டினேன். வெல்லமும் நெய்யும் போட்ட பச்சரிசி, கொட்ட மனசு வரவில்லை. மறுநாள் காலையில் செவலை எழவில்லை. முருகவேல் காபிக்காக வரவில்லை. முன்வாசல் கோலம் ஒரு காரணமும் இல்லை. ஆப்பச்சோடா வாங்கியதும் செவலையின் வயிற்றுக்குத்தான்.

செவலை எங்கள் வீட்டு உபயோகத்துக்கு வைத்திருக்கும் மாடு. ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை.

மாட்டுக்கு எதை எவ்வளவு போட வேண்டும் என்று கடையில் உட்கார்ந்து ஊருக்கே சொல்கிறவன் நான். அப்படிப்பட்டவன் வீட்டு மாடு அசீரணத்தில் சாய்ந்தது என்றால் கிட்டுசாமி ஒருத்தன் போதும். மூன்று ஊருக்குச் சொல்லிச் சிரிப்பான்.

ஜனவரி 21, புதன்

செவலை கொஞ்சம் தட்டுக் கடித்தது. பாவாத்தாளின் மாடு இன்னும் எழவில்லை.

ஜனவரி 22, வியாழன்

காலையில் செவலையை அவிழ்த்தேன். வசந்தாமணி எதுவும் கேட்காமல் பின்னாலிருந்து தட்டிக்கொடுத்தாள். மெதுவாகத்தான் நடந்தது. கழுத்தில் ஊசி போட்ட இடத்தில் மயிர் மழித்திருந்தது. சொசைட்டி வாசலில், பால் கேன்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"என்ன மாப்ள, மாட்ட விக்கப் போறியா?" என்றான் கிட்டுசாமி.

"இதுக்கு உன்ற மாட்டுக்கு வந்த அதே வியாதி. பட்டிப்பொங்கலுக்கு மக்கா நாளே சாஞ்சுது. உங்க எல்லாருக்கும் முன்னால. இது பொடியும் திங்கல, தவிடும் திங்கல. பொங்கல்தான் தின்னுது. உங்க வீட்டுல இருந்து வந்த பொங்கல். நாந்தான் கொட்டுனன்."

கிட்டுசாமிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"அட கெரகமே! தீவனக்கடக்காரன் மாட்டுக்கே அசீரணமா? ஏம் மாப்ள, உங்கிட்டயா நாங்க இத்தன நாளா யோசன கேட்டம்?"

நினைத்ததுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முருகவேலையும் அழைத்திருந்தேன், என் மாட்டைப் பற்றி நானே சொல்லிவிட்டதால் அவர் வாயைத் திறந்தார். வழக்கமாகத் தினமும் கொஞ்சம் கஞ்சி, கொஞ்சம் சோறு தின்று பழகிய வயிறு. இரண்டு மாதம் அதைக் காட்டாமலிருந்து, பாவம் என்று ஒரே நாளில் தட்டம் தட்டமாகப் பொங்கல் வைத்தால் தாங்காது என்றார். செவலைக்கு அந்தப் பத்தியம் இல்லை. அது தின்ற அளவுக்கு எந்த வயிறும் தாங்காது என்றும் சேர்த்துக்கொண்டார். அதற்கும் சிரிப்பு.

சிரிப்புக்கு நடுவில் பாவாத்தாள் என் பக்கம் வந்தாள்.

"அப்ப நாந்தானுங்ணா? பத்தியத்துல கெடந்துச்சேன்னு ரெண்டு தட்டம் வெச்சனுங்ணா. கைய நக்கி நக்கித் தின்னுச்சு."

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இரண்டு நாள் தயங்கினேனோ என்னவோ. இல்லை என்று சொல்ல வாய் வந்தது, வியாபாரப் பழக்கம்.

"ஆமா பாவாத்தா. நீ உன்ற மாட்டுக்கு வெச்ச, நான் என்ற மாட்டுக்குக் கொட்டுனன். நீ பாசத்துல வெச்ச. நான் மீந்து போச்சேன்னு கொட்டுனன். உன்னுது எவ்வளவோ தேவல."

இசக்கி குறுக்கே வந்தாள். "இல்லக்கா. பத்தியம் வச்சது நான்தான். ஒரு கைப்பிடின்னு சொன்னனே தவிர, ஏன்னு வீடு வீடா வந்து சொல்லியிருக்கணும். சொல்லல. உங்க மாடு எந்திரிக்கிற வரைக்கும் நான் அங்கனதான் இருப்பேன்."

இரண்டு வீட்டுக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். மற்றவர்கள் மூட்டையைத் திரும்ப எடுத்துப் போனார்கள். கிட்டுசாமியும் எடுத்துப் போனான். போகிறபோது, "மாப்ள, செவலைக்குச் சீரக மூட்டை ஒண்ணு போட்டுடட்டுமா?" என்றான்.

ஜனவரி 25, ஞாயிறு

பாவாத்தாளின் மாடு எழுந்து நின்றது. இசக்கி ஓடி வந்து சொன்னாள், துப்பட்டாவெல்லாம் சாணி. அசை போட ஆரம்பித்ததும் முதல் வேலையாக மூக்குக்கு நேரே கருவியை நீட்டினாளாம். "ஏப்பம் வந்துச்சு அண்ணாச்சி!" என்றாள். இந்த வாயுவைக் குறைக்க வந்தவள், அது வந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

பெருந்துறையிலிருந்து சோள லோடு கொண்டுவந்த டிரைவர், "அண்ணா, உங்க வீட்டுல பொங்கல் மீந்துதுங்களா?" என்று கேட்கிறான். பெருந்துறை வரை போய்விட்டது.

வியாபாரம் குறையவில்லை. சிரிக்க வருகிறவர்கள் ஒரு மூட்டை எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

மார்ச் 20, வெள்ளி

பெரிய டாக்டர் வந்து எது எது என்று சொசைட்டியில் வைத்துச் சொன்னார். சிவப்புச் சீட்டுதான் பொடி. நீலம் வெறும் தவிடு. சிவப்பு தின்ற மாடுகளின் வாயு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருக்கிறது. நீலத்தில் மாற்றம் இல்லை. பாலில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

நீலச் சீட்டுக்காரர்களில் பாதிப் பேர் பால் ஏறியது என்று என்னிடம் சத்தியம் செய்தவர்கள். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

எனக்கு ஏமாற்றம்தான். ஏப்பத்தில் மிச்சமான சத்து பாலாக வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். "பால் கூடல அண்ணாச்சி. கூடுச்சுன்னு நான் எழுத முடியாது" என்றாள் இசக்கி. எழுத வேண்டாம் என்றேன். பால் ஏறாத சரக்கை யார் வாங்குவார்கள்? இவ்வளவு பாடும் ஒரு தாளில் அச்சாகி எங்கேயோ அலமாரியில் உட்காரப் போகிறது.

வெயில் காலத்தில் இதே ஊரில் கேட்பவர்களுக்கெல்லாம் பொடி கொடுத்து இன்னொரு தடவை பார்க்க ஆசையாம். ஆனால் நிலையத்தில் புளியங்கொட்டைத் தோல் கையிருப்பு இல்லை. ஊரும் கேட்க வேண்டும்.

மார்ச் 23, திங்கள்

கடை திறப்பதற்கு முன்பே கிட்டுசாமி வாசலில் நிற்கிறான்.

"ஏம் மாப்ள, பாவாத்தா மாட்டுக்கு மருந்து, எம்பட மாட்டுக்கு வெறுந்தவுடா? ஊருக்கெல்லாம் பால ஊத்தறவன் நானு, என்னயப் பாத்தா எளக்காரமா இருக்குதா?"

"அது சீட்டுப் போட்டு வந்தது மாமா. அதும் போக, நீதான் மருந்துன்னு சொல்லி மூட்டையத் தூக்கி எறிஞ்ச."

"எறிஞ்சது தவுடத்தான? மருந்த நான் எறியலயே. எம்பட மாட்டுக்கும் வேணும்."

"பால் ஏறாது. சொல்லிப்புட்டன். அப்பறம் சண்டைக்கு வரக் கூடாது."

"ஏறாட்டிப் போகுது. அவ மாடு கம்மியா ஏப்பம் உடுதுன்னு அந்தப் புள்ள கிட்டப் பேரு வாங்கிட்டு நிக்குது, எம்பட மாடு மட்டும் ஊரச் சூடாக்கிட்டு நிக்கோணுமா? எல்லா மாட்டுக்குமே போடு."

அவனுக்குப் பின்னால் நீலச் சீட்டுக்காரர்கள் இன்னும் நான்கைந்து பேர் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் அதே கோபம்.

அவர்களை அனுப்பிவிட்டுப் புளியங்கொட்டை உடைக்கும் ஆலைக்காரருக்குப் போன் செய்தேன். நீங்கள் கொட்டுகிற தோலை நானே வண்டி வைத்து அள்ளிக்கொள்கிறேன் என்றேன்.

"அந்தக் குப்பை எதுக்குங்க உங்களுக்கு?" என்றார்.

"அடுப்பெரிக்க" என்றேன். நிஜத்தைச் சொன்னால் நாளைக்கே விலை வைத்துவிடுவார்.